இரண்டாவது விரிவுரையாளர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலியில் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் வந்தது. அதன் கணிதத் துறைக்கு முதலில் ஒரே ஒரு விரிவுரையாளர் பணியிடத்தைத்தான் அறிவித்தார்கள். நேர்முகத் தேர்வுக்குத் தச்சநல்லூரிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனேன். வராந்தாவில் கிடந்த பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். ராதாபுரம் பக்கம் ஊர். அப்பா பனையேறுகிறவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். எங்கள் வீட்டிலோ வயல்கள் தாத்தா காலத்தோடு போய்விட்டன. அப்பா, பெரியப்பா, அத்தை எல்லோருமே வாத்தியார் வேலைதான். "உனக்குக் கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கும்?" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அதனாலேயே எனக்குப் பயம் கூடியிருந்தது.

"கணக்குல சீரான தொடர்ச்சின்னு ஒண்ணு இருக்குல்லா, அது எப்பவும் என்னைக் குழப்பும்" என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர் மடியிலிருந்த செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு வளைகோடு போட்டார். "ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியா ஒரு அளவு வச்சுக்கிடலாம்னா அது வெறும் தொடர்ச்சி. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு போதும்னா அது சீரான தொடர்ச்சி. இந்தக் கோட்டப் பாருங்க, பூஜ்யத்துக்குக் கிட்ட போகப் போக செங்குத்தா ஏறுது. இங்கன ஒரே அளவு செல்லுமா? செல்லாது. அவ்வளவுதான்."

சிறிது நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மூன்றாவதாகக் கேட்டது சீரான தொடர்ச்சியைப் பற்றித்தான். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். பலகையில் அதே கோட்டையும் போட்டேன். வேலை எனக்குக் கிடைத்தது.

அதன்பிறகு இரண்டு வருடம் துறைத்தலைவரும் நானும் மட்டும்தான். வாடகைக் கட்டடத்தில் ஒரு வகுப்பறை, ஓர் அலுவலக அறை. எம்.எஸ்ஸி.யின் எல்லாத் தாள்களையும் இருவருமே பங்கு போட்டுக்கொண்டோம். எனக்குச் சரியாகத் தெரியாத தாள்களையும் நடத்தினேன். காலையில் பஸ்ஸில் படித்ததை மத்தியானம் பிள்ளைகளுக்குச் சொன்ன நாட்கள் உண்டு. என் முனைவர் பட்ட ஆய்வு பதிவு செய்ததோடு நின்றது. தலைவர் நல்ல மனிதர். "ஏம்மா, ஆள் வந்ததும் பிரிச்சுக்கிடலாம்மா" என்று மாதம் ஒருமுறையாவது சொல்வார்.

கடைசியில் இன்னொரு பணியிடத்துக்கு அரசு ஒப்புதல் வந்தது. விண்ணப்பக் கட்டைப் பிரித்துப் பட்டியல் போடும் வேலையைத் தலைவர் என்னிடம் தந்தார். நாலைந்து விண்ணப்பங்களைத் தாண்டியதும் ராதாபுரத்துக்காரரின் புகைப்படம். இடையில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்திருந்தார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உள்ளே ஏதோ உறுத்தவும் செய்தது.

அன்று சாயங்காலம் தலைவரிடம் சொன்னேன்: "சார், இப்ப நம்மகிட்ட பிள்ளைக இருக்காங்கல்லா. வாரவங்கள ஆளுக்குப் பத்து நிமிசம் பாடம் நடத்தச் சொன்னா என்ன?"

அவர் யோசித்தார். "அதுவும் சரிதாம்மா. துணைவேந்தர்கிட்ட கேட்டுப் பாக்கேன்" என்றார். மறுநாளே சம்மதம் வாங்கிவிட்டார்.

அந்த யோசனையை ராதாபுரத்துக்காரருக்காகச் சொன்னேனா, துறைக்காகச் சொன்னேனா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

தேர்வு நாளில் அதே வராந்தா, அதே பெஞ்ச். அவரைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் மெல்ல, "சார், இன்னைக்காவது யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க" என்றேன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார். "பேசிக்கிட்டே இருந்தா பயம் தெரியாது, மேடம்" என்றார்.

வகுப்பில் எல்லோரும் வந்து நடத்தினார்கள். இவர் நடத்தியபோது கடைசி வரிசைப் பையன் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்டான். இவர் முகம் மலர்ந்து, "நல்லா கேட்டீங்க" என்று பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். பத்து நிமிடம் முடிந்ததை அவரும் கவனிக்கவில்லை, தேர்வுக் குழுவும் சொல்லவில்லை.

அவர் சேர்ந்த முதல் வாரம். எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்து வைத்திருந்தபோது, இனி தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"சார், அன்னைக்கு நீங்க சொல்லித் தந்ததத்தான் உள்ள என்கிட்ட கேட்டாவ. அதச் சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தேன். உங்களுக்கு வர வேண்டிய வேலை."

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "மேடம், எனக்கும் அதத்தானே கேட்டாவ!"

"அப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க சொன்னேன்? நாலு பேரும் வரிசையா இருந்து என் மூஞ்சியவே பாக்காவ. நாக்கு மேல ஒட்டிக்கிட்டு. கோடு போட எந்திரிச்சா சாக்பீஸ் ஒடிஞ்சு விழுந்துட்டு. அதக் குனிஞ்சு பொறுக்குததுக்குள்ள 'நீங்க போகலாம்'னுட்டாவ."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடமாகச் சுமந்ததை அந்த மேசையிலேயே இறக்கி வைத்தேன்.

சீரான தொடர்ச்சி வரும் பகுப்பாய்வுத் தாளையும் வேறு இரண்டு தாள்களையும் அவருக்கு விட்டுக்கொடுத்தேன். முதலில் கொஞ்சம் வலித்தது; பகுப்பாய்வு நடத்த நடத்த எனக்குப் பிடித்துப்போன தாள். ஆனால் எட்டாயிருந்த என் தாள்கள் ஐந்தாகக் குறைந்தன. புதன்கிழமைகளில் மத்தியானம் முழுக்க எனக்கென்று கிடைத்தது. நின்றுபோன ஆய்வைத் திரும்ப எடுத்தேன். அதை முடித்த வருடம் துறைக்கு மூன்றாவது விரிவுரையாளராகக் களக்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். அடுத்த இரண்டு வருடத்தில் இன்னும் இருவர். அதற்குள் சொந்தக் கட்டடத்துக்கு மாறியிருந்தோம். ஆளுக்கொரு மேசை இருந்தும், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றித்தான் நாற்காலி போட்டோம்.

விரிவுரையாளர்கள் ஐந்து பேரான வருடம், ஜூன் மாதம் கால அட்டவணை போடத் தலைவர் எங்களைக் கூப்பிட்டார். பஸ் கிடைக்காது என்று ஒருவர் முதல் மணி வேண்டாம் என்றார். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று இன்னொருவர் கடைசி மணியை மறுத்தார். களக்காட்டுக்காரருக்குத் திங்கட்கிழமையே ஆகாது. ராதாபுரத்துக்காரரும் நானும் ஒரே வியாழக்கிழமை மணிக்கு மல்லுக்கு நின்றோம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டே பேரா இருந்தப்ப இந்தத் தொல்ல இல்லம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். முகம் நிறையச் சிரிப்பு. பிறகு ரப்பரை எடுத்து, போட்ட அட்டவணையை அழித்துவிட்டு, மறுபடியும் கட்டம் போடத் தொடங்கினார்.