துரை விற்ற பெரிய கார்

நான் போ பசான் ஊரில் குமாஸ்தா. பெரிய கார் வைத்துக்கொள்ள ஆசை. ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தின் வெள்ளைக்கார மேலாளர், தோல் இருக்கை போட்ட தன் பழைய காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன்.

"வண்டி நல்லா ஓடுமா மிசியே?" என்று துரையைக் கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லை" என்றார். வாங்கிவிட்டேன்.

கோயிலில் பூஜை போட்டபோது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தவர் என் மனைவியின் அண்ணன். அதே தோட்டத்தில் கரும்பு வெட்டுகிறவர்.

மேடு ஏறும்போது கார் திணறியது. பெரிய வண்டி அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கார் வாங்கிய இரண்டாம் மாதம், பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த மனைவிக்கு வலி கண்டது. நான் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வழியில் இஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் வந்த கரும்பு லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. மகள் லாரியிலேயே பிறந்தாள். இருவரும் பிழைத்தது தெய்வச் செயல்.

மெக்கானிக் பெட்ரோல் டாங்கியைக் கழற்றினார். அடியில் சர்க்கரை கெட்டியாகப் படிந்து குழாயை அடைத்திருந்தது. மைத்துனரிடம் சொன்னேன்.

"வேலைநிறுத்தத்தப்போ துரை மேல இருந்த கோவத்துல நாங்கதான் கொட்டினோம்" என்றார்.

"உங்க தங்கச்சி ஏறுற வண்டியாச்சே மச்சான். ஏன் சொல்லல?"

"நீங்க மிசியேவைக் கேட்டீங்க மாப்பிள்ளை. என்னைக் கேட்கலையே."

இப்போது பழைய பொருள் எது வாங்கினாலும், முதலில் அங்கே வேலை செய்கிறவர்களைத்தான் கேட்கிறேன். மைத்துனரிடம் மட்டும் எதையும் கேட்பதில்லை.