எனக்கு விழுந்த பாடு

எங்கள் ஊரில் பாடு என்றால் ஏரியில் வலை போடும் முறை. எந்த நாளில் யாருக்கு எந்த இடம் என்று ஆண்கள் கூடிச் சீட்டெடுப்பார்கள். மீன் உள்ள இடமோ வெறும் சேறோ, விழுந்த பாட்டை மாற்றக் கூடாது. பெண்களுக்கு அதில் சீட்டுக் கிடையாது. ஆனாலும் நான் ஒரு தடவை சீட்டெடுத்தேன்.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். பழவேற்காட்டிலிருந்து ஒரு டீச்சர் படகேறி வந்து எங்கள் பசியாவரத்துப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆண்கள் வலை வைக்கும் கொட்டகையில்தான் வகுப்பு. நான் அஞ்சாவது வரை படித்தவள்; மறந்துபோன எழுத்தைத் தேடிப் போனேன். யாரும் என்னை வேலை ஏவாத இடம் அது ஒன்றுதான்.

திடீரென்று ஊர்த் தலைவர் கொட்டகையைத் திரும்பக் கேட்டார்.

"கத்துக்கினு இன்னா கிழிச்சீங்கனு ஊருக்குக் காட்டுங்க. அம்மன் திருவிழாவுல ஒரு நாடகம் போடுங்க. சனம் பாதியில எழுந்து போச்சுன்னா மறுநாளே வலை உள்ள வந்துடும்."

டீச்சர் நாடகம் எழுதினார். ஒல்லாந்துக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்ட காலத்துக் கதை. துரை ஒருவன் மீனவப் பெண் ஒருத்தியைப் பிடித்துவைக்கிறான். அவள் எதிர்த்து நின்று ஜெயிக்கிறாள். அந்தப் பெண்ணாக நடிக்க ஒன்பது பேர் கை தூக்கினார்கள். துரைக்கு ஒருத்தியும் இல்லை. கெட்டவனாக நடித்தால் ஊரே காறித் துப்புமாம். கடைசியில் என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர்தான், வழி சொன்னார்.

"ஆம்பளைங்க மாதிரி சீட்டுப் போடுங்க டீச்சர். விழுந்தது விழுந்ததுதான்."

அவருக்கு மீனவப் பெண் விழுந்தது. எனக்குத் துரை.

அழுதேவிட்டேன். நான் இறால் தடவப் போகிறவள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுகிற வேலை. வாயைத் திறந்தால் பறி போய்விடும். என் சுபாவத்துக்கு அது தோதாகத்தான் இருந்தது.

"அண்ணி, எனக்கு வேணாம். வேற யாருக்காச்சும் மாத்தி வுடுங்க" என்று கெஞ்சினேன்.

"பாட்ட மாத்தக் கூடாதுமே. வாயில்லாத துரைய இப்பதான் ஊரு பாக்கப் போவுது!"

திருவிழா அன்று பொழுது சாய்வதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. பறியைக் கவிழ்த்துத் தொப்பி வைத்தார்கள், வலைநூலில் தாடி கட்டினார்கள். மேடை ஏறினேன். குரல் வரவில்லை.

"இன்னாபா, துரைக்குத் தொண்டையில முள்ளா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணி மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார். எதிர்க்க ஆளில்லாமல் எத்தனை நேரம்தான் கத்துவது? முன்வரிசையில் நாலு பேர் எழுந்தார்கள். தலைவரும் துண்டை உதறித் தோளில் போட்டார். கொட்டகை போகிறது, என்னால் போகிறது.

அடுத்து, பிடிபட்ட பெண்ணைப் பாட்டுப் பாடச் சொல்லித் துரை அதட்ட வேண்டும். ஒரே ஒரு சொல்தான். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"பாடு!"

"யார் பாடு துரை? உம் பாடா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. டீச்சர் வெளியூர்க்காரர், அந்தச் சொல் எங்கள் காதில் எப்படி விழும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் வாய் தானாகத் திறந்தது.

"ஆமாண்டா, எம் பாடுதான்! இனிமே ஏரி முச்சூடும் எம் பாடு! சீட்டும் இல்ல, மொறையும் இல்ல. உங்க வலைய சுருட்டிக் கொட்டாயில போட்டுப் பூட்டுங்கடா!"

சிரிப்பு நின்றது. எங்கள் ஊரில் அதைவிடக் கெட்ட பேச்சு கிடையாது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். "எவண்டா அவன்?" என்று ஒரு கிழவர் நிஜமாகவே பாய்ந்து வந்தார். ஒரு கை மண் என் மார்பில் வந்து விழுந்தது. பறி நிறைய இறால் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

அண்ணியின் கண் சிவந்துவிட்டது.

"எங்க பாட்டனுங்க வெச்ச மொறைய மாத்த நீ யாருடா?"

அது நாடகத்தில் இல்லாத வசனம். நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொன்னார். வலையின் ஒரு முனையை ஒருவர் இறுக்கிப் பிடித்தால்தானே மறுமுனைக்காரர் இழுக்க முடியும்? நான் விடாமல் பிடித்தேன். அவர் ஓங்கி ஓங்கி வளர்ந்தார். கடைசியில் நான் தோற்று விழுந்தபோது எழுந்த விசில் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

தலைவர் மேடைக்கு வந்தார்.

"கொட்டாய நீங்களே வெச்சுக்கங்க தாயி. இந்த ஒல்லாந்துக்காரன் இருக்கிற எடத்துல வலைய வைக்க எனக்கே பயமா கீது."

மறுநாள் ஏரியில் இறால் தடவிக்கொண்டிருந்தோம்.

"அத்தினி பேச்சும் எங்கமே ஒளிச்சு வெச்சிருந்த?" என்று தன் பறியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார் அண்ணி.

"எனக்கு விழுந்த பாடு அண்ணி, மாத்த முடியுமா?" என்றேன்.

வாயைத் திறந்ததும் பறி மிதந்து போயிற்று. அண்ணிதான் துரத்திப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார்.