இரண்டு விரல் உயரம்

எங்கள் பேண்டு செட்டில் சைடு டிரம் ஐந்து. கல்யாண ஊர்வலத்தில் முன் வரிசை எங்களுடையது. பின்னால் ஊதிக்கொண்டு வருகிறவர்களை ஜனங்கள் காதால் கேட்பார்கள், எங்களைக் கண்ணால் பார்ப்பார்கள். ஐந்து ஜோடிக் குச்சியும் ஒரே உயரத்துக்கு எழும்பி ஒன்றாக விழ வேண்டும். ஒருவன் குச்சி மட்டும் மேலே துருத்தினால், வாசிப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஐந்து பேரும் ஆளுக்கொரு வேலை செய்வது மாதிரித் தெரியும்.

நான் நகரியில் மிசின் தறி ஓட்டுகிறவன். படிப்பு எட்டாவதோடு நின்றது. முகூர்த்த நாட்களில் சித்தூர், புத்தூர், திருப்பதி என்று டிரம்மோடு கிளம்பிவிடுவேன். வரிசையில் எனக்கு இடப்பக்கம் நிற்பவன் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி.

சைடு டிரம்மில் சத்தம் கை பலத்தால் வருவதில்லை. குச்சி எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு சத்தம். மெதுவான அடிக்குத் தோலுக்கு மேல் இரண்டு விரல், அழுத்தமான அடிக்கு ஒரு சாண். இது எங்கள் செட்டின் அளவு. வாசிக்கும்போது யாரும் தன் குச்சியைப் பார்ப்பதில்லை. பக்கத்துக்காரன் குச்சி நுனியை ஓரக்கண்ணால் பார்ப்போம். அவன் உயரம்தான் நம் உயரம். இத்தனை வருடமும் நான் மச்சான் குச்சியைப் பார்த்தும், அவன் என் குச்சியைப் பார்த்தும் வாசித்தோம்.

வலது கைக்குக் குச்சியைப் பிடிப்பது சுத்தியலைப் பிடிப்பது போல. இடது கை அப்படியில்லை. உள்ளங்கை வானத்தைப் பார்க்க, கட்டைவிரல் இடுக்கில் குச்சி படுத்திருக்கும். கட்டைவிரலும் மணிக்கட்டும் சேர்ந்துதான் அதைத் தூக்க வேண்டும். மச்சானுக்கு அந்த இடது கைக் குச்சிதான் முதலில் தாழ்ந்தது. ஒரு சாண் வரவேண்டிய இடத்தில் அரைச் சாண்தான் வந்தது.

"இன்னா மச்சான், சோறு துன்னலையா?" என்று கேட்டேன்.

"உங்க வூட்டு உப்புமாவ துன்னேன் மாமா. அது வயித்த வுட்டே எழும்பல, குச்சி எங்க எழும்பறது?"

உப்புமா செய்தது அவன் அக்காதான். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவளும் சிரித்தாள்.

பிறகு சட்டைப் பொத்தான் போட அவனுக்கு வரவில்லை. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையைத் தடவிப் பார்த்தார். அங்கே சதை இல்லை, பள்ளம்தான் இருந்தது. நரம்பு நோய் என்றார். கைச் சதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அப்புறம் மற்ற கையும் போகும், மாத்திரை அதை நிறுத்தாது, வேகத்தை வேண்டுமானால் குறைக்கும், மாதாமாதம் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்று தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். டிரம் வாசிக்கலாமா என்று மட்டும் மச்சான் கேட்டான். முடிகிற வரைக்கும் வாசிக்கச் சொன்னார்.

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் ஊர் கோவிந்தா கூட்டம் நடந்தே திருமலைக்குப் போகும். திருப்பதி ஊருக்குள் நுழையும் இடத்திலிருந்து மலையடிவாரத்து அலிபிரி படிக்கட்டு வரைக்கும் நாங்கள் ஐந்து பேரும் முன்னால் வாசித்துக்கொண்டு போவோம். அவன் மகள் பிறந்து மூச்சுவிடாமல் கிடந்தபோது, கை இருக்கிற வரைக்கும் வருஷம் தவறாமல் அலிபிரி வரை வாசிக்கிறேன் பெருமாளே என்று வேண்டிக்கொண்டான். குழந்தை பிழைத்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வேண்டிக்கொள்ளும்போது கை போகும் என்று யார் நினைப்பார்கள்? இந்தப் புரட்டாசிக்கு வரிசையில் நிற்க வேண்டும், அவனுக்கு அது ஒன்றுதான்.

நாங்கள் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. சித்தூரில் ஒரு கல்யாணம். மச்சானுக்கு அந்தப் பக்கம் நின்றவர், எங்களில் மூத்தவர், மச்சான் குச்சி அளவுக்குத் தன் குச்சியை இறக்கினார். நானும் இறக்கினேன். கடைசி இரண்டு பேரும் இறக்கினார்கள். மெதுவான அடி, அழுத்தமான அடி எல்லாமே இரண்டு விரல் உயரத்துக்குள் வந்துவிட்டது. பார்ப்பதற்குச் சுலபம் போலத் தெரியும். அந்த உயரத்தில் குச்சி தானாகத் துள்ளாது, இடைவிடாமல் ரோல் உருட்டுவது முழுக்க விரல் வேலை. பழைய டயர் துண்டை முக்காலியில் வைத்து வீட்டில் பழகிக்கொண்டேன்.

பேண்டு செட்டு முதலாளி கவனித்துவிட்டார். "இன்னாய்யா இது, ஜொரம் வந்தவன் மாதிரி வாசிக்கிறீங்க? பொண்ணு வூட்டுக்காரன் என்ன மொறைக்கிறான்."

"இப்ப இதான் பேஷன் மொதலாளி. மிலிட்டிரில எல்லாம் கீழதான் வாசிக்கிறாங்க" என்றார் மூத்தவர்.

"நீ எப்போய்யா மிலிட்டிரிக்குப் போன? உன் பொண்டாட்டி உன்ன ரேசன் கடைக்கே தனியா அனுப்ப மாட்டா."

சொல்லிவிட்டு மச்சான் கையைப் பார்த்தார். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் எங்களுக்குத் தோன்றவே இல்லை. வரிசையில் நிற்பவன் பக்கத்துக் குச்சியை வைத்துத்தானே தன் உயரத்தை அறிகிறான். மச்சான் ஓரக்கண்ணால் பார்த்தான். அவன் குச்சியும் என் குச்சியும் சமமாக இருந்தன.

"மாமா, பாத்தீங்களா? தேறிக்கினு வருது மாமா. உங்க குச்சிக்கு சரியா வருது."

தலையை ஆட்டினேன். மறு வாரமே மலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு, லட்டோடு வந்தான். என் வீட்டுக்காரி அதை விளக்குக்கு முன்னால் வைத்து அழுதாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வாயில் போட்டுக்கொண்டு தறிக்குக் கிளம்பினேன்.

அந்த மாதம் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. அக்கா கேட்டதற்கு, "கை தேறிக்கினு வருதுக்கா. அங்க போயி இன்னாத்துக்கு நாள் பூரா குந்திக்கினு கெடக்கணும்?" என்றான்.

அவனில்லாதபோது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாங்கள் நாலு பேரும் பேசினோம். "தூக்கி வாசிச்சா அவனுக்குத் தெரிஞ்சிடும். தூக்கலன்னா அவன் டாக்டராண்ட போவ மாட்டான். இன்னா செய்யலாம் சொல்லு" என்றார் மூத்தவர். புரட்டாசி முடியட்டும், சாமி காரியம் முதலில் ஆகட்டும் என்று நான்தான் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஆவணியில் திருப்பதியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சிநேகிதன் யாரோ ஊர்வலத்தை முன்னாலிருந்து போனில் வீடியோ எடுத்து முதலாளிக்கு அனுப்ப, அவர் எங்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். மறுநாள் மத்தியானம் மச்சான் தறிக் கொட்டகைக்கு வந்தான். கரண்ட் இல்லை, தறிகள் நின்றிருந்தன. போனை வலது கையில் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். வீடியோவில் ஐந்து ஜோடிக் குச்சியும் தோலுக்கு மேல் இரண்டு விரலைத் தாண்டவில்லை.

"இது யாரு மாமா வாசிக்கிறது?"

"நாமதான் மச்சான்."

"நாம இல்ல. நான் வாசிக்கிறேன். நீங்க நாலு பேரும் தோலத் தடவிக்கினு கீறீங்க."

நான் தறிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"மொட்ட அடிச்சேனே மாமா. சாமியாண்ட போயி, கை வந்துடிச்சின்னு சொன்னேனே." தலையில் முடி இப்போது ஒரு விரல் அகலத்துக்கு வளர்ந்திருந்தது.

"சாமிக்குத் தெரியும்டா" என்றேன்.

"சாமிக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல."

அந்த வாரமே அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வலது கையிலும் ஆரம்பித்துவிட்டது என்றார்களாம். முன்னாடியே வந்திருந்தால் என்று டாக்டர் எதுவும் சொல்லவில்லையாம். வீட்டுக்காரி இதை என்னிடம் இரண்டு தரம் சொன்னாள்.

புரட்டாசிச் சனிக்கிழமை அவன் எங்களோடு நடந்து வந்தான். மஞ்சள் வேட்டி, நெற்றியில் நாமம், தோளில் டிரம் இல்லை. திருப்பதி எல்லையில் நாங்கள் வரிசை கட்டும்போது கிட்டே வந்து, "ஒரு சாண் தூக்கி வாசிங்க. சாமி முன்னாடி தடவாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரமாகப் போனான்.

தூக்கினோம். மாதக்கணக்காக இரண்டு விரல் உயரத்திலேயே பழகிய கைகள். என் இடது கை ஒரு சாணைத் தாண்டி மேலே போயிற்று. மூத்தவருக்குக் குறைவாக வந்தது. தாழ்ந்த குச்சி ஒரு மயிரிழை முன்னால் விழுந்து உயர்ந்த குச்சி பின்னால் விழ வேண்டிய அடியில், இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. மச்சான் நிற்கும் இடத்தை நாங்கள் நெருங்கி அடைக்காமல் அப்படியே விட்டிருந்தோம். உயரம் பார்க்க என் கண் அங்கேயே போனது. அங்கே தார் ரோடும் பின்னால் வருகிறவர்களின் கால்களும்தான் தெரிந்தன. கோவிந்தா கோவிந்தா என்ற சத்தத்தில் எங்கள் தப்பு யாருக்கும் கேட்டிருக்காது. சாமிமேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அன்றைக்கு என் வாயில் கோவிந்தாவும் வரவில்லை.

அலிபிரியில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். மச்சான் என்னிடம் வந்தான்.

"நல்லா இருந்துச்சி மாமா" என்றான்.

எங்கள் வரிசையில் ஒருவன் இன்னொருவனிடம் நன்றாக இருந்தது என்று சொன்னதே கிடையாது. எங்கே இடறியது, யார் குச்சி ஏறியது என்பதுதான் பேச்சு. நன்றாக இருந்தது என்று சொல்கிறவர்கள் ரோட்டோரம் நின்று பார்த்தவர்கள். அவர்களுக்கு நாங்கள் கும்பிடு போடுவோம். அவனுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் டிரம்மைக் கழற்றிக் கீழே வைத்தேன். அவன் அதைக் குனிந்து பார்க்கவில்லை. "அக்கா எங்க மாமா?" என்று கேட்டுக்கொண்டே கூட்டத்துக்குள் போனான்.