அன்சிலாவின் தண்ணீர்க் குப்பி

அகளிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஷுக்கூருக்குக் கௌரவம்தான் எல்லாம். பெற்ற மகளைவிட அதுதான் பெரிது என்று சொன்னால் அடிக்க வருவார். வரட்டும். பக்கத்துக் கடைக்காரன் நான், எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகள் அன்சிலாவுக்குச் சின்ன வயதிலேயே மூட்டு வலி வந்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர் அரிவாள் செல் நோய் என்றார். அவளுடைய சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் பிறவியிலேயே வேறு மாதிரியாம். உடம்பில் தண்ணீர் குறைந்தால், பாகு வற்றிக் கட்டி தட்டுவதுபோல அது ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துக்கொள்ளும். உருண்டையான அணு அரிவாளாக வளைந்து ரத்தக்குழாயை அடைத்துவிடும். மாத்திரையை நிறுத்தக் கூடாது, தண்ணீர்க் குப்பி எப்போதும் கையில் இருக்க வேண்டும், நோன்பு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

"அது மலையில இருக்கிறவங்க நோயாச்சே டாக்டர், எங்களுக்கு எப்படி?" என்று கேட்டாராம் ஷுக்கூர். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மலைப் பழங்குடிகள்தான். அவர்கள் காசு இனித்தது, நோய் மட்டும் கசந்தது. ஊரில் வாதம் என்று சொல்லிவைத்தார். அகளி ஆசுபத்திரியில் சும்மா கொடுக்கும் மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் கோயம்புத்தூரில் போய் வாங்கிவந்தார்.

போன நோன்பு மாதத்தில் பாலக்காட்டிலிருந்து அவருடைய அக்கா ரஸியா வந்தாள். தன் மகன் கலீலுக்கு அன்சிலாவைக் கேட்கத்தான் வந்தாள். ஷுக்கூரின் மனைவி நூர்ஜஹான் மகளின் குப்பியை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். பிறகு என் வீட்டுக்காரியிடம் இதைச் சொல்லி அழுதவளும் அவள்தான்.

"தண்ணி இல்லாட்டி வலி வந்துரும்மா."

"மாமி போற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்க. ஏன் நோன்பு இல்லைன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

வந்த ரஸியாவோ நோன்பு வைக்கவில்லை. "எனக்குச் சுகரு. பள்ளிவாசல் உஸ்தாதே நோன்பு வேண்டான்னுட்டாரு" என்று கூடத்தில் உட்கார்ந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். சர்க்கரை நோய்க்கு வெட்கம் கிடையாது. அன்சிலா அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமி ஊருக்குக் கிளம்பும் நாள் மத்தியானம் அவளுக்கு நெஞ்சு வலித்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். "நோன்பு அசதி" என்றாள் நூர்ஜஹான். நோன்பு திறக்கும்போது ஒரு வாய்க் கஞ்சிகூட இறங்கவில்லை, மூச்சு வாங்கியது. அகளி ஆசுபத்திரி கூப்பிடு தூரம். ஷுக்கூர் காரை ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூருக்குத் திருப்பினார். அகளி ஆசுபத்திரியில் எல்லாரும் தெரிந்த முகம் அல்லவா! போய்ச் சேருவதற்குள் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

மய்யித்தைக் கொண்டுவந்து கிடத்தியபோது நானும் அங்கே இருந்தேன். நூர்ஜஹான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரஸியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கையால தண்ணி குடுத்திருப்பேனேடா தம்பி! எனக்கு மருமகளா வரவேண்டியவளைத் தாகத்துலயா சாகவிட்டீங்க?"

ஷுக்கூர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுக்கா. வெளிய ஆளுங்க இருக்காங்க."