இளவரசருக்குக் கொஞ்சம் சீரியஸ்

பட்டத்தையும், பல்கலைக்கழகத்தில் எனக்குள் நிரப்பி அனுப்பியிருந்த இரக்கத்தையும் அச்சத்தையும் சுமந்துகொண்டு, கண்டியிலிருந்து வத்தேகம பஸ்ஸில் நெரிசல்பட்டுப் போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தரம் பத்துக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பாக்கியம் என்று சொன்னவர் பாடசாலை அதிபர். எனக்கு முன்னால் அந்தப் பாக்கியத்தைப் பெற்ற ஆசிரியர்கள் எல்லோரும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஓடியிருந்ததை மட்டும் அவர் சொல்ல மறந்துவிட்டார்.

துன்பியல் நாடகத்தைக் கரும்பலகையில் அம்புக்குறிகள் போட்டு விளக்கினேன். உயர்ந்த மனிதன். அவனிடம் ஒரு குறை. அந்தக் குறையாலேயே வீழ்ச்சி. பார்ப்பவர் மனதில் இரக்கமும் அச்சமும். எழுதிவிட்டுத் திரும்பி, பிள்ளைகளின் முகங்களில் அவற்றைத் தேடினேன். பசி மட்டும்தான் இருந்தது.

"மிஸ், கடைசில யாரு சாவாங்க?" என்று கேட்டாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி வருபவள். மூச்சு விடாமல் பேசுவாள்.

"கிட்டத்தட்ட எல்லாரும்."

"அதான் இப்பவே தெரிஞ்சிருச்சே மிஸ். அப்ப எதுக்குப் பார்க்கிறது?"

"நல்ல கேள்வி" என்றேன். பதில் தெரியாத ஆசிரியர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

பழைய நாடகங்களின் ஆங்கிலம் அவர்களுக்கும் எனக்கும் சமமாகவே புரியாததால், அதே அச்சில் நானே இருபது நிமிட நாடகம் ஒன்றை எழுதினேன். தன்னம்பிக்கைக்கு அப்போது குறைவில்லை. கதை இதுதான். ஊரில் கொள்ளைநோய். நகரவாசலை மூடச்சொல்லிக் கட்டளையிடுகிறான் அரசன். வெளியே மாட்டிக்கொண்டது அவனுடைய சொந்த மகன். சட்டம் சட்டம்தான் என்கிறான் அரசன். மனைவி கெஞ்சுகிறாள், கேட்கவில்லை. அவள் உள்ளே போய்விடுகிறாள். மனம் மாறி அவன் வாசலைத் திறக்கும்போது காலம் கடந்துவிடுகிறது. தூதுவன் வந்து மரணச் செய்தி சொல்கிறான். அரசன் கதறுகிறான். திரை.

வகுப்பு இதை ஒரு தொழிற்பிணக்காக எடுத்துக்கொண்டது.

"எங்க தோட்டமா இருந்தா சங்கத் தலைவர் போய் ஒரே பேச்சில முடிச்சிருப்பாரு மிஸ்."

"பள்ளிவாசல்ல செல்லி முடிச்சிருக்க ஏலும் தானே" என்றான் அரசன். அக்குறணையிலிருந்து வந்து, வத்தேகமவில் மாமாவின் கடைவீட்டில் தங்கிப் படிப்பவன். குரல் பெரிது என்பதால் நாடகத்தில் அவனுக்கு முடி சூட்டியிருந்தேன்.

மனித விதியைப் பேச்சுவார்த்தையில் தீர்த்துக்கொள்ளும் இந்தச் சமூகத்துக்கு நான் துன்பியல் கற்பிக்க வேண்டியிருந்தது.

அதற்காக வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைக் கெஞ்சி வாங்கியிருந்தேன். அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், கணித ஆசிரியராக இருந்தவர். எதற்கும் விடை வர வேண்டும் அவருக்கு. ஆங்கில தினத்தில் நாடகம் நல்லபடி நடந்தால் பாடவேளை என்னுடையது. இல்லையென்றால் அது பழைய வினாத்தாள் பயிற்சிக்கு, பாஸ்ட் பேப்பருக்குப் போய்விடும். தமிழில் சிந்தித்து, ஆங்கிலத்தில் பயந்து, சிரிக்க மட்டும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்த முப்பது பிள்ளைகளிடம் இதை நான் சொல்லவில்லை. அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

விழாவுக்கு முந்திய வாரம் அதிபர் நாடகத்தை வாசித்தார்.

"என்ன பிள்ளை இது? விளக்கேத்தின கையோட செத்தவீடே?"

"துன்பியல் சேர். கடைசியில மரணம் வரத்தானே வேணும்."

"கல்வி வலயத்தில இருந்து அதிகாரி வாறார். முன்வரிசையில இருக்கப்போறார். ஒருத்தரும் சாகக்கூடாது. சாவெண்ட சொல்லே வரக்கூடாது. மேடையில ஒருத்தரும் அழவும் கூடாது."

"அப்ப இளவரசர்?"

"ஏதாவது செய்யுங்கோ. படிச்சனீங்கள்தானே."

படித்தவள் செய்தாள். 'இளவரசர் தொலைதூர தேசத்துக்குப் பயணமாகிவிட்டார்' என்று தூதுவனுக்கு ஒரு வசனம் எழுதினேன். ஒத்திகையில் அதைக் கேட்டதும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"டுபாய்க்கா மிஸ்?" என்றான் அரசன்.

தூதுவன் வேடம் அந்த முன்வரிசைப் பெண்ணுக்கு. அவள் சிரிக்கவில்லை.

"மிஸ், செத்துட்டாங்கன்னு யாரு மிஸ் நேரா வந்து சொல்றாங்க? எங்க வீட்டுக்கு அப்படி ஒருத்தருமே வந்து சொன்னதில்ல."

"பின்ன எப்படிச் சொல்லுவாங்க?"

"வந்து மொத சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க. இல்லன்னா சாப்பிட வச்சிருவாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் சாப்பிட மாட்டாங்க இல்ல? பொறகு, 'கொஞ்சம் சீரியஸாம், ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம், சட்டைய மாத்துங்க'ம்பாங்க. அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய தலையும் ஆடியது.

"எங்கடயும் அப்படித்தான் மிஸ்" என்றான் அரசன். "பெரிய வாப்பா மவுத்தாகின நேரம் என்னைக் கூட்டிட்டுப் போக வந்த சாச்சா, ரோல்ஸ் ரெண்டு வாங்கித் தந்த. தின்டு முடியும் வரைக்கும் ஒண்டுமே செல்லல்ல. இப்ப யாரும் சும்மா ரோல்ஸ் வாங்கித் தந்தாலும் எனக்குப் பயம்."

என் வசனத்தை வெட்டினேன். அரசனின் கதறலையும் வெட்டினேன். பதிலாக ஒரு கதிரை, ஒரு தட்டு, ஒரு பணிஸ்.

ஆங்கில தினம் வந்தது. விளக்கேற்றினார்கள், மாலை போட்டார்கள். ஆங்கிலத்தின் அவசியம் பற்றித் தமிழில் நீண்ட நேரம் பேசினார்கள். வேலையை அரைநாளில் விட்டுவிட்டு வந்திருந்த தாய்மார்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் பொறுமையாக இருந்தார்கள். நாடகம் தொடங்கியது. அரசனின் பஞ்சுத்தாடி ஒவ்வொரு கட்டளைக்கும் கொஞ்சம் உதிர்ந்தது. மேடைக்குப் பின்னால் நின்று வாசலைத் தட்டுவது மட்டுமே வேலையாக இருந்த இளவரசன், கிடைத்த ஒரே வாய்ப்பில் ஸ்கூல் கதவைப் பெயர்த்துவிடுவான்போலத் தட்டினான். மண்டபத்தில் குழந்தைகள் அழுதன, ஒரு போன் பாடியது. யாருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. என் பாடவேளை கண்முன்னாலேயே பாஸ்ட் பேப்பராக மாறிக்கொண்டிருந்தது.

தூதுவன் வந்தாள். ஓடி வரவில்லை. மேடை ஓரத்தில் செருப்பைக் கழற்றினாள், ஒரு நிமிடம் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"ஹேவ் யூ ஈட்டன், சேர்?"

"நோ."

"ஈட் சம்திங் ஃபர்ஸ்ட், சேர்."

தட்டை நீட்டினாள். மூன்றாம் வரிசையில் ஒரு தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ, புள்ள போயிருச்சு" என்று யாரோ அடிக்குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. அரசன் பணிஸைப் பிட்டு, தாடிப் பஞ்சோடு சேர்த்து மென்றான். விழுங்கவில்லை. நான் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"பிரின்ஸ் இஸ் எ லிட்டில் சீரியஸ், சேர். பிளீஸ் சேஞ்ச் த ஷர்ட்."

அரசன் எழுந்து சட்டைப் பொத்தானைத் தேடினான். திரை விழுந்தது. அதிபரின் கட்டளைப்படி மேடையில் யாரும் சாகவில்லை, யாரும் அழவில்லை. அழுதது மண்டபம்தான்.

நாடகம் முழுவதும் போனுக்குள் குனிந்திருந்த அதிகாரி, மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டு நிமிர்ந்து, அதிபரிடம் ஏதோ கேட்டார். அதிபரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது அதிகாரியின் உரையில் தெரிந்தது. உபசரிப்புப் பண்பைக் கற்பிக்கும் அருமையான நாடகம் என்றார். வந்தவர் முதலில் சாப்பாட்டை விசாரிப்பதே நமது பண்பாடு என்றார். சுகவீனமுற்றிருக்கும் இளவரசர் விரைவில் குணமடைய வேண்டும் என்று மனமார வாழ்த்தி அமர்ந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அதிபர் என்னருகில் வந்தார்.

"பிள்ளை, சாப்பிட்டனீங்களே?"

"இல்ல சேர்."

"சாப்பிட்டிட்டு ஒஃபிசுக்கு வாங்கோ."

வகுப்பறையில் என் சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்து, ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டேன். சுற்றி நின்ற பிள்ளைகள் பார்சலையே பார்த்தார்கள். அதிபர் கேட்டது அவர்கள் காதிலும் விழுந்திருந்தது.

செய்தி அவ்வளவு மோசமில்லை. பாடவேளை எனக்குத்தான். அதிகாரிக்கு நாடகம் நன்றாகப் பிடித்துவிட்டது, வலயத்திலும் போட வேண்டும். ஒரே ஒரு சிறு மாற்றம்: கடைசியில் இளவரசர் குணமாகிச் சிரித்தபடி மேடைக்கு வர வேண்டும். சனங்களின் மனம் நோகக்கூடாதாம்.

"அவன் செத்துட்டான் சேர்" என்றேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார் அதிபர். "அவருக்குத் தெரியாது."

வகுப்புக்குத் திரும்பி வந்து சொன்னேன். சந்தோஷப்பட்டவன் இளவரசன் மட்டும்தான். முதல்முறையாகக் கதவின் இந்தப் பக்கம் வரப்போகிறான். பாடவேளை பிழைத்தது, நாடகம் போய்விட்டது என்று மேசையில் சாய்ந்தேன். யாரோ வாங்கிவந்திருந்த ரோல்ஸைத் தைரியமாகக் கடித்துக்கொண்டிருந்தான் அரசன்.

"வரட்டும் மிஸ்" என்றாள் தூதுவன். "சிரிச்சிக்கிட்டே வரட்டும். ராணி கோவிச்சிக்கிட்டு உள்ள போனாங்கதானே? பொறகு வரவே இல்லையே மிஸ்."

உண்மை. ராணியை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே கூட்டிவர நான் மறந்திருந்தேன். துன்பியலில் பட்டம் பெற்றவள்.

அவள் இளவரசனின் காதில் ஏதோ சொன்னாள். அவன் வகுப்பு வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினான். அதிகாரி கேட்டபடியே வாய் நிறையச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஃபாதர், ஹேவ் யூ ஈட்டன்?"

அரசன் கையிலிருந்த ரோல்ஸை மேசையில் வைத்தான்.