மாமன் எடுத்த படம்

புதூர்ப் பக்கம் ஒரு காதுகுத்தில் அவரைப் பார்த்தேன். பிள்ளைக்குத் தாய்மாமன். கழுத்தில் தொங்கிய விலையுயர்ந்த கேமராவில் கரிசல் தூசி படியவிடாமல் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் அவருடைய தங்கச்சி கூப்பிட்டாள். "அண்ணே, வந்து பிள்ளைய மடியில வையி."

அவர் கேமராவைக் கழற்றப் போனார். தங்கச்சியின் மாமனார் தடுத்துவிட்டார். "தம்பி, நீங்க உக்காந்தா படம் யாரு எடுக்க? செல்லுல இப்படி விழுமா?"

வேறொரு சொந்தக்காரர் மடியில் வைத்துக் காது குத்தினார்கள்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அவரிடம், "கேமரா எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஒரு கொறையும் சொல்ல முடியாது. கொஞ்சம் மோசமா எடுத்திருந்தா என்னைய உக்கார விட்டிருப்பாவ," என்றபடி படத்தைக் காட்டினார்.

இமையில் நின்ற கண்ணீர்த்துளிகூடத் தெளிவாக விழுந்திருந்தது. பிள்ளை இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.