நாற்பதாம் பக்கத்தில் நிறுத்திய நாவல்

அந்த நாட்களில் படிக்காத புத்தகத்தைப் பற்றியும் என்னால் இரண்டு பக்கம் எழுத முடியும். அதில் எனக்குப் பெருமை வேறு. திருத்தங்கலில், வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. சாயங்காலம் வேலை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவேன். தமிழில் வலைப்பதிவு தொடங்கிய நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு புனைபெயரில் அறிஞர்களாகத் திரிந்த காலம். நான் எடுத்துக்கொண்டது நாவல் விமர்சனம், அதுவும் கடினமான நாவல்களாகப் பார்த்து. வேறு யாரும் முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள் என்பதால் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை.

மதிப்பெண்ணுக்குப் பதிலாக வெடியின் பெயரைப் போடுவேன். பிடித்தால் அணுகுண்டு, சுமார் என்றால் ஓலைவெடி, பிடிக்காவிட்டால் நமத்துப்போன வெடி. பெரும்பாலும் நமத்துப்போன வெடிதான். எழுதியவர் யாரென்றே தெரியாது, ஆனாலும் அவருடைய மூக்குக் கண்ணாடி வரைக்கும் கிண்டல் செய்வேன். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நாலு பேர் "கலக்கிட்டீங்க" என்று பின்னூட்டம் போட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம். புத்தகம் அனுப்ப விரும்புகிறவர்களுக்கு என்று கம்பெனி முகவரியைப் பதிவின் ஓரத்தில் போட்டு வைத்திருந்தேன்.

அந்த முகவரிக்கு ஒரு நாவல் வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சொந்தமாக அச்சடித்தது. "முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்" என்று உள்ளே ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. பட்டாசு ஆலையில் விபத்து நடக்கிறது. அங்கே ஆபீசில் கணக்கு எழுதப் போன மகளைத் தேடி ஒரு தகப்பன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறான். கதை அவ்வளவுதான். நின்றவன் நின்றுகொண்டே இருக்கிறான். முதல் வரியில் தொடங்கிய வாக்கியம் முடியவே இல்லை, பேருக்குக்கூட ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்தேன்.

"இதைக் குழாய் சுருட்ட அனுப்பலாம். வெடியானாலாவது சத்தம் கேட்கும்" என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். செல்போனில் கேமரா வந்த புதிது. புத்தகத்தைக் கட்டிங் மிஷினில் வைத்து, முதுகை வெட்டச் சொல்லி, தாள் தாளாக விரிந்து கிடந்ததைப் படம் எடுத்துப் பதிவில் போட்டேன். என் வாழ்நாளில் அத்தனை பின்னூட்டம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. நடுவில் பெயரில்லாமல் ஒன்று: "மிச்சப் பிரதிகளையும் அனுப்பலாமா?" யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, "தாராளமாக" என்று பதில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனி வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் இறங்கினார். பின்னால் கட்டுக்கட்டாக அந்த நாவல்.

"நீங்கதான எழுதுறது? அனுப்பச் சொல்லியிருந்தீகளே, நானே கொண்டாந்துட்டேன்."

"சார், அது சும்மா வேடிக்கைக்கு எழுதினது சார்."

"தெரியும் தம்பி. வீட்ல வைக்க எடம் இல்ல. யாரும் கேக்கவும் இல்ல." அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். குழாய் சுருட்டிக்கொண்டிருந்த பெண்களையே சிறிது நேரம் பார்த்தவர், "இங்கன வெடிமருந்து வேலை கெடையாதுல்ல?" என்று கேட்டார்.

"இல்ல சார், வெறும் பேப்பர்தான்."

"நல்லது. பிள்ளைக பத்திரமா இருக்கட்டும்." பிறகு, "மொதக் கட்டு வெட்டுறத மட்டும் பாத்துட்டுப் போயிருதேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கட்டுகளைத் திருப்பி ஏற்றிவிட்டிருக்க வேண்டும். எனக்கோ அவர் சீக்கிரம் போனால் போதும் என்று இருந்தது. மிஷின்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். கத்தி இறங்கியதும் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

தீபாவளி சீசன். ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. இரண்டே நாளில் எல்லாக் கட்டும் வெட்டி, பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண் கையில் ஒரு தாளோடு என்னிடம் வந்தாள். எட்டாவது வரை படித்தவள். தங்கை ஒரு வெடிவிபத்தில் போன பிறகு, மருந்து வேலையை விட்டுவிட்டு இங்கே குழாய் சுருட்ட வந்தவள். வேலை நேரத்தில் தாளை வாசிக்கிறாள் என்று பல தடவை நானே அவளைச் சத்தம் போட்டிருக்கிறேன்.

"அண்ணே, இத யாரு எழுதுனது?"

"ஒரு வாத்தியார். ஏன்?"

"ஆசுபத்திரி வாசல்ல ஒருத்தரு மகளத் தேடி நிக்காரு. உள்ளேருந்து பேரு கூப்புடுதாக. ஒவ்வொரு பேரா கேட்டுக்கிட்டே நிக்காரு. எங்கனயும் நிறுத்தாம எழுதியிருக்காரு அண்ணே. அன்னைக்கி எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. மூச்சு விட்டா அந்த நேரம் பாத்து தங்கச்சி பேரச் சொல்லிருவாகளோன்னு மூச்சக்கூட விடல." தாளைத் திருப்பிக் காட்டினாள். "இதுக்கு அடுத்த தாளு எங்கன இருக்கு?"

எங்கே என்று சொல்வது? முப்பது பெண்களின் மடியில் பிரிந்து, பசை தடவி, குழாயாகி, பாதி லோடு ஏறியும் போய்விட்டது. என்னிடம் இருந்த ஒரே பிரதியையும் படம் எடுப்பதற்காக நானே வெட்டிவிட்டேன்.

"நீங்க படிச்சிருப்பீகள்ல? அந்தப் பிள்ள பொழச்சுச்சா அண்ணே?"

முழுசாகப் படிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பொழச்சுச்சு" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "பொழச்சிருந்தா பெத்தவரு இத ஏன் உக்காந்து எழுதப்போறாரு? மகளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குல்ல போயிருப்பாரு."

தாளை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்து அடுத்த தாளுக்குப் பசை தடவினாள். நாற்பது பக்கம் படித்தும் எனக்கு அது வெறும் கதையாகத்தான் தெரிந்திருந்தது. அவள் படித்தது ஒரே ஒரு தாள்.